ஒரு சாண் குறைந்த திரை

என் பிரியத்துக்குரிய ஜவ்பர் நானாவுக்கு,

உங்களுக்கு ஸலாம். எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் மேலே பிள்ளையார் சுழி போடுகிறவள் நான். இதற்கும் போட்டுவிட்டேன். "என்ன கணக்கப்புள்ள, எனக்கு எழுதுற கடுதாசிலயுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம் நானா, உங்களுக்கும்தான். பழகிய கையை எங்கே கொண்டு போய் வைப்பது?

நீங்கள் போன அன்று நான் வந்து சேரவில்லை. சோமலதா டீச்சர் போன் எடுத்துச் சொன்னபோது மணி பத்து. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் வந்தபோது பதினொன்றரை. மழையில் ரோடு உடைந்த இடத்தில் அது அரை மணி நேரம் நின்றது. பதுளையில் இறங்கி உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். ஆண்கள் எல்லாரும் ஜனாசாவைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்யப் போய்விட்டிருந்தார்கள். தையல் மெஷின் மேல் உங்கள் மூக்குக்கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, உங்கள் மனைவி ராத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நான் உங்களுக்குச் செய்தது.

முகம் பார்க்காமல் அனுப்பிவிட்டதால்தான் இந்தக் கடிதம். நம் குழு உங்கள் நினைவாக அச்சடிக்கும் புத்தகத்தில் இதைப் போடுவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அப்படிப் படிக்கிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குழுவுக்கு மூன்று மொழியிலும் நீளமான பெயர் உண்டு. அது கடிதத் தாளில் மட்டும் இருக்கும். தோட்டங்களில் நம்மைத் 'திரைக்காரங்க' என்பார்கள். ஹாலிஎலயில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற சோமலதா டீச்சரும், பதுளை பஜாரில் தையல் கடை வைத்திருந்த, அண்ணன் என்ற முறையில் எல்லாரும் 'நானா' என்று கூப்பிட்ட நீங்களும் சேர்ந்து தொடங்கியது. முதல் கூட்டத்தில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமாக இருபது பேர் வந்து, அவரவர் பட்ட கதையை அவரவர் சொன்னார்களாம். கொஞ்ச நேரத்தில் யார் பட்டது பெரிது என்று சண்டை வந்துவிட்டதாம். நான் அப்போது இல்லை. ஆனால் நீங்கள் எழுந்து சொன்னதை டீச்சர் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"சட்டையோட முதுகுப் பக்கம் எப்படி இரிக்கிதுன்னு போட்டவருக்குத் தெரியாது. பின்னால நிக்கிறவருக்குத்தான் தெரியும். உங்கட கதைய பக்கத்தில இரிக்கிறவர்ட்ட குடுங்க. அவர் செல்லட்டும்."

அன்றிலிருந்து அதுதான் நம் முறை. தன் கதையைத் தானே மேடையில் சொல்லக் கூடாது. கொடுக்கிறவர் மூன்று முறை சொல்ல வேண்டும். சுமக்கிறவர் ஒரு முறை திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகு ஊர் பேரை மாற்றிக்கொள்ளலாம், ஆணைப் பெண்ணாக்கலாம், ஆனால் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கொடுத்தவர் பெயர் நம் பதிவுக் கொப்பியில் மட்டும் இருக்கும். வெளியே போகாது. சுமக்கிறவர் விட்டுப்போனாலோ இல்லாமல் போனாலோ, கதை கொடுத்தவரிடமே திரும்பிப் போய்விடும். இந்தக் கடைசி விதியை டீச்சர் சேர்த்தபோது நீங்கள் சிரித்தீர்கள். "யார் டீச்சர் போகப் போறது?"

அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது ஒரு ரவிக்கையால். நீங்கள் தைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொண்டு வந்து, ஒரு துண்டுத் தாளை மேசையில் வைத்தேன். வலது கை அரை அங்குலம் இறுக்கம், கொக்கி ஒன்று குறைவு, கழுத்துப் பட்டி இரண்டு இடத்தில் சுருக்கம். நீங்கள் அதைப் படித்துவிட்டு, கடையில் நின்ற டீச்சரிடம் நீட்டினீர்கள். "டீச்சர், ஆள் கெடச்சிட்டு. இவ எங்கட கணக்கப்புள்ள." தோட்டத்தில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவருக்குத்தான் அந்தப் பேர். மலையில் கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டோடு இருந்த என்னை நீங்கள் அப்படிக் கூப்பிட்டது எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. கை இறுக்கத்தை மட்டும் கடைசிவரை நீங்கள் சரிசெய்து தரவில்லை.

இரண்டாம் வருஷம், நான் என் கதையை உங்களுக்குக் கொடுத்தேன். நீங்கள் யாருக்கோ கோட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

அதை இங்கே என் பெயரோடு எழுதுகிறேன் நானா. மேடையில் சொன்னால்தானே தப்பு.

கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு எழுத்து தெரியாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று சொல்லிவிட்டார்கள். மாமியாருக்கு அதில் பெரிய பெருமை. 'படிச்ச மருமக' என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அப்போது என் கொழுந்தன் முருகேசு மொனராகலையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். பதினேழு வயது. மாதம் ஒரு கடுதாசி வரும். வீட்டுக்காரர் மலையிலிருந்து வரும்வரை மாமியாருக்குப் பொறுக்காது. "படிம்மா" என்று முன்னால் வந்து உட்காருவார்.

எப்படி இல்லை என்று சொல்வது? தாளைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததைப் படித்தேன். கடையில் வயிறு நிறையச் சோறு, முதலாளி நல்லவர், எல்லாருக்கும் வணக்கம். மொனராகலை காய்ந்த ஊர் என்று கேள்விப்பட்டிருந்ததால், 'இங்கே மழை இல்லை' என்று ஒரு வரியை ஒவ்வொரு கடுதாசியிலும் சேர்த்துக்கொள்வேன். படித்து முடித்ததும் தாளை மடித்து நானே எடுத்து வைத்துவிடுவேன். மருமகள் படித்துச் சொன்னதை மகனிடம் கொடுத்து இன்னொரு முறை படிக்கச் சொல்ல மாமியாருக்கு என்ன தேவை?

ஐந்தாவது கடுதாசியையும் அப்படித்தான் படித்தேன். தீபாவளிக்கு வருகிறேன், முதலாளி புதுச் சட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று.

ஒன்பது நாள் கழித்து, பதுளை பஸ் ஸ்டாண்டில் யாரோ என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள், "ஒன் தம்பி மொனராகலை ஆசுபத்திரில கெடக்கானே, ஒருத்தரும் போகலியா?" மூட்டை சரிந்து கால் உடைந்திருந்தது. கூட ஆள் இல்லாமல், அவசரத்துக்குத் தானே எழுந்து நடக்கப் போய், கட்டுப் போட்ட எலும்பு விலகியிருந்தது. மாமியாரும் வீட்டுக்காரரும் ஓடினார்கள். கால் கோணிப் போனது போனதுதான்.

மாமியார் திரும்பி வந்து என்னைக் கேட்டார். "நல்லா இருக்கேன்னுதானே எழுதியிருந்தான்?" நான் சொன்னேன், "நம்மளக் கலங்க விடக்கூடாதுன்னு அப்புடி எழுதியிருப்பாரு மாமி." அவர் அதை நம்பினார். "ஒடஞ்ச காலோட கெடந்துகிட்டு, என்னைய அழ விடக்கூடாதுன்னு எழுதியிருக்கான் பாரு எம்புள்ள" என்று சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் எழுத்து கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். சீனி சுற்றி வந்த தாளிலும், கோயில் சுவரில் எழுதியிருந்த உபயகாரர் பெயர்களிலும் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினேன். இரண்டு வருஷம் ஆயிற்று. முதன்முதலாக நான் முழுசாகப் படித்தது, முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அந்த ஐந்தாவது கடுதாசியைத்தான். 'அம்மாவை உடனே வரச் சொல்லவும்' என்று இருந்தது.

இதைக் கேட்டுத்தான் நீங்கள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தீர்கள். என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"அந்தப் புள்ள இப்ப எங்க இரிக்கிது?"

"எங்க பக்கத்துக் காம்பராவுல. நம்ம வீட்டுலதான் சாப்பாடு. கல்யாணம் கட்டிக்கல."

"ம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் லயத்துக்கு வந்து, முருகேசுவைக் குழுவில் சேர்த்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எந்தக் கொப்பியிலும் எழுத முடியாது.

எதற்குச் சேர்த்தீர்கள் என்பதும் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் திரைக்காக. இருபக்கமும் இழுத்து மூடினால் நடுவில் ஒரு சாண் சேராமல் நிற்கும் திரை, இந்த ஊவா மாகாணத்திலேயே நம்முடையது மட்டும்தான். அந்தச் சந்தில் நாம் தேத்தண்ணி குடிப்பதையும், டீச்சர் கண்ணாடி தேடுவதையும் பார்த்து முன் வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாழ்நாளெல்லாம் அளவெடுத்த தையல்காரர் தைத்த திரை. கேட்டால், "காத்துப் போறதுக்கு விட்டிரிக்கேன்" என்பீர்கள். முருகேசுவைக் கொண்டு வந்து அந்தச் சந்தில் நிறுத்தி, "பாருங்க, உங்கட ஒடம்பு இதுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி" என்றீர்கள். அன்றிலிருந்து திரை இழுப்பதும், இழுத்த திரையின் நடுவில், பின்னால் இருக்கும் நமக்கு முதுகைக் காட்டி நிற்பதும் அவன் வேலை.

அங்கே நின்றபடி அவன் உங்கள் வாயால் என் கதையைக் கேட்டான். நீங்கள் மொனராகலையைப் புத்தளமாக்கினீர்கள். மாமியாரை உம்மாவாக்கினீர்கள். உடைந்த காலைக் காய்ச்சலாக்கினீர்கள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளைத் தலைகீழாகப் பிடித்து, 'இங்க மழை இல்ல உம்மா' என்று நீங்கள் படிக்கும்போது சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். முருகேசுவின் முதுகும் குலுங்கும். பின்னால் கொப்பியோடு உட்கார்ந்திருந்த நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தொன்பது தடவை நானா. ஒவ்வொன்றும் கொப்பியில் இருக்கிறது.

தெரிந்துதான் அவனை அங்கே நிறுத்தினீர்களா? இல்லை, உங்கள் திரைக்கு உண்மையிலேயே ஓர் ஆள் தேவைப்பட்டதா? கடைசிவரை நான் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு, டீச்சரின் அந்தக் கடைசி விதி என் தலையில் விழுந்தது. நீங்கள் சுமந்த கதைகள் பன்னிரண்டு. ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொப்பியோடு போய், 'உங்கள் கதை திரும்பி வந்திருக்கிறது, வேறு யாரிடமாவது கொடுக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும். எல்ல நகரத்து விடுதியில் துணி துவைக்கும் பெண் உடனே டீச்சரிடம் கொடுத்தார். ஹாலிஎலயில் பேக்கரி வைத்திருக்கும் பியதாச மாத்தயா எனக்கு ஒரு பணிஸ் கொடுத்து, அவருடைய அரைத் தமிழில் சொன்னார், "அது நானா கொண்டு போச்சு தானே. அங்கே சொல்லட்டும். அங்கேயும் சனம் இருக்கும் நே." கொப்பியில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், 'நானாவிடமே இருக்கிறது' என்று எழுதிவிட்டு வந்தேன். சரிதானே?

பதினொரு வீடு முடிந்தது. மிச்சம் இருந்தது என் வீடு.

"நங்கி, உன்னுடைய கதை என்ன செய்யப் போறே?" என்று டீச்சர் கேட்டார். தங்கச்சியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூடி வைத்துவிடுகிறேன் என்றேன். கதையை மூடி வைக்கவும் நம் முறையில் இடம் இருக்கிறது.

ஆனால் மூட முடியவில்லை. விளக்கேற்றி முருகனைக் கும்பிடப் போனால், படத்துக்குப் பின்னால் அந்தக் கடுதாசி இருப்பதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்தது. நீங்கள் சுமந்துகொண்டிருந்தவரை அது அவ்வளவு கனக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு இன்னொன்றும் தெரியும். உங்களிடம்கூட அதைச் சொல்லவில்லை. மொனராகலையிலிருந்து வந்த நாளிலிருந்து முருகேசு தன் தாயிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். மாமியாருக்கு அது காலின் வலி என்று நினைப்பு. அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.

ஒரு ஞாயிறு காலையில் முருகேசு வெளியே உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கொப்பியை என் கதை இருந்த பக்கத்தில் விரித்து, கடுதாசியை அதன் நடுவில் வைத்து, அவன் மடியில் வைத்தேன். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை.

கொடுத்தவர், பார்வதி. சுமப்பவர், ஜவ்பர் நானா. கதை, கடுதாசி.

அவன் படித்தான். பிறகு கடுதாசியை எடுத்துப் பிரித்தான். தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"புத்தளத்துப் பையன்னுதானே நானா சொன்னாரு?"

"மொனராகலைதான் தம்பி."

கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். கடுதாசியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பதினான்கு நாள் அவன் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. தனியாகப் பொங்கினான். நான் மூடி வைத்த தட்டு அப்படியே திரும்பி வந்தது. வீட்டுக்காரரிடமும் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்று வழக்கம்போலச் சொன்னார். அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்று நான் தோண்டிப் பார்க்கவில்லை. கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். என்னவென்று நேர்வது? மன்னிக்க வேண்டும் என்றா? அது முருகேசுவின் வேலை, முருகனுடைய வேலை இல்லையே.

பதினைந்தாம் நாள் அவன் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். சோறு போட்டேன். கை வைக்கவில்லை.

"இதுல அம்மான்னு மூணு எடத்துல எழுதியிருக்கேன் மதினி. எனக்கே மறந்து போச்சு."

நான் நின்றேன்.

"ஒம்போது நாளு வாசப்பக்கமே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கடுதாசி போயும் வரல, நம்ம உசுரு அவுங்களுக்கு ஒரு பெருசாத் தெரியலன்னு நெனச்சேன். அப்புறம் அம்மா ஊரெல்லாம், நல்லா இருக்கேன்னு எழுதுனான், நல்லா இருக்கேன்னு எழுதுனான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சு. வராததுக்குச் சொல்ற சாக்குன்னு வச்சுக்கிட்டேன். நான் எழுதுனது எனக்குத் தெரியாதா?"

"ஆமா தம்பி."

"அம்மாவுக்கு மண்ணு போட்டப்பகூட அதத்தான் மதினி நெனச்சேன்."

நீங்களாக இருந்தால் அதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள் நானா?

அவனே தொடர்ந்தான். "ஒங்க மேல கோவமாத்தான் இருக்கேன். அது இன்னும் போகல. ஆனா அம்மா மேல இருந்தது போயிருச்சு." பிறகு சோற்றைப் பிசைந்தான். இரண்டு வாய் தின்றுவிட்டு, தலை நிமிராமல் கேட்டான்.

"அந்தக் கதைய யாருக்கும் குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"எனக்குத் தாங்க."

டீச்சர் சம்மதிக்கவில்லை. ஹாலிஎலயில் அவர் வீட்டு விறாந்தையில் இது பெரிய வழக்காகவே நடந்தது. "முருகேசு, நம்ம சட்டம் என்ன? தன் கதை தான் சொல்லக் கூடாது. இது உங்க கதை தானே?"

"இல்ல டீச்சர். எங்கதை ஆசுபத்திரில கெடந்தது. இது படிக்கத் தெரியாத ஒரு பொண்ணோட கதை. அது மதினியோடது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அனே, நானா இருந்தா என்ன சொல்லுவார்?" என்று என்னைக் கேட்டார். சட்டையின் முதுகைப் பற்றித்தான் சொல்லியிருப்பார் என்றேன். உங்களுக்குப் பின்னால் பத்தொன்பது தடவை நின்றவன் வேறு யார்? டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரி என்றார்.

மூன்று முறை சொன்னேன். முருகேசுவிடம் முதல் இரண்டு முறையும் உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். மூன்றாவது முறை, உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று வாயில் வந்துவிட்டது. அந்த ஐந்தாவது கடுதாசியை நான் பொய்யாகப் படித்த அன்று, மாமியார் கடைக்குப் போய்க் கடனுக்கு வெல்லம் வாங்கி வந்தார். உடைத்து, லயம் முழுக்க வீடு வீடாகக் கொடுத்தார். 'எம்மகன் தீபாவளிக்கு வாரான்' என்று. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நான் தின்றேன்.

முருகேசு திருப்பிச் சொல்லிக் காட்டியபோது அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். நான் கேட்கவில்லை.

உங்கள் காரியங்களுக்குப் பிறகு நம் முதல் கூட்டம் ஹாலிஎல பள்ளிக்கூட மண்டபத்தில், போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்தது. ராத்தாவின் இத்தா முடிந்து இரண்டு வாரம். நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்தவர், முதன்முதலாக வெளியே வந்தது நம் கூட்டத்துக்குத்தான். முன் வரிசையில் உட்கார்ந்தார். உங்கள் கடையில் இப்போது உங்கள் மருமகன் போன் உறை விற்கிறான் என்று சொன்னார். மெஷினை மட்டும் எடுக்க விடவில்லையாம். பியதாச மாத்தயா இரண்டு தட்டு பணிஸ் அனுப்பியிருந்தார்.

முருகேசு திரையை இழுத்து மூடினான். பிறகு வழக்கம்போல நடுவில் நிற்காமல் முன்னால் போய்விட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்து திறந்து கிடந்தது. பின்னால் நாற்காலியில் கொப்பியோடு உட்கார்ந்திருந்த நான் எல்லாருக்கும் தெரிந்தேன். எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

அவன் முந்தானை போட்டுக்கொள்ளவில்லை. நொண்டி நொண்டி நடுவுக்கு வந்து, "நான் கல்யாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்தப்போ எனக்கு எழுத்து தெரியாது" என்று தொடங்கினான். புத்தளம் இல்லை. மொனராகலை. மழை இல்லை என்ற இடத்தில் சனம் சிரித்தது. உங்களுக்குச் சிரித்த அளவு இல்லை, அதையும் எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர் பக்கத்தில் நின்று சிங்களத்தில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

வெல்லத்துக்கு வந்தான். "மாமி அன்னைக்கி லயம் முழுக்க வெல்லம் குடுத்தாங்க" என்றான். நின்றான். அடுத்த வரி மறந்துவிட்டது என்று நினைத்து நான் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். அவன் மறக்கவில்லை. அதையே இன்னொரு தடவை சொன்னான், மெதுவாக, அந்த வெல்லத்தில் ஒரு துண்டு இப்போதுதான் தன் கைக்கு வந்த மாதிரி. "லயம் முழுக்க. வீடு வீடா." டீச்சரும் இரண்டு தடவை சொன்னார்.

கதை முடிந்து சனம் கை தட்டிக்கொண்டிருந்தபோது, முன் வரிசையில் ராத்தா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று ஓடினேன். சிரிப்பு நானா. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. திரையின் சந்தைக் கையால் காட்டினார்.

"இந்த மனிசன் இதக் காத்துக்குன்னா உங்கள்ட்ட செல்லி வெச்சிரிக்கார்?"

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் அளவு நாடாவின் முதல் ஒன்பது அங்குலம் இல்லையாம். உங்கள் மூத்த மகள் மூன்று வயதில் கத்திரிக்கோலால் வெட்டி விளையாடியதாம். புதிது வாங்கச் சொன்னால், "இது எனக்குப் பழகின டேப்" என்று சொல்லி, வாழ்க்கை முழுக்க ஒவ்வோர் அளவிலும் அந்த ஒன்பதை மனதில் கூட்டிக் கழித்தே தைத்தீர்களாம். "திரைக்குத் துணி வெட்டக்குள்ள டீச்சரோட கத பேசிக்கிட்டே ஒம்பத கூட்ட மறந்துட்டார் தங்கச்சி. ராவெல்லாம் தூக்கமில்ல. ஒருத்தர்ட்டயும் செல்லாதன்னு என்னட்டயும் சத்தியம் வாங்கினார்."

நானா, மற்றவர்களின் கதை பன்னிரண்டு சுமந்தீர்கள். உங்கள் பெயருக்கு நேரே 'கொடுத்த கதை' என்ற இடம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. கேட்டால், "அடுத்த முறை, கணக்கப்புள்ள" என்பீர்கள். வெறும் கட்டம் ஒன்று என் கொப்பியில் இருப்பது எனக்கு எவ்வளவு உறுத்தும் என்று தெரிந்தும் அப்படித்தான் சொன்னீர்கள். ஒன்பது அங்குலத்துக்காகவா இத்தனை வெட்கம்? நான் ஒரு வெல்லத் துண்டை ஒளித்தேன், நீங்கள் ஒரு சாணை ஒளித்தீர்கள். இருவரும் ஒரே கடை மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் ஏமாற்றியிருக்கிறோம்.

மறுநாள் ராத்தா நாடாவைத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். கதையையும் மூன்று முறை போனில் சொன்னார், ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே. கொப்பியில் உங்கள் கட்டத்தை நிரப்பிவிட்டேன். கொடுத்தவர், ஜவ்பர் நானா, ராத்தா கையால். சுமப்பவர், பார்வதி.

ஆமாம், நான்தான். இத்தனை வருஷம் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவள், ஒரு கதையும் சுமந்ததில்லை. டீச்சர் கேட்டபோது என் வாயே எனக்கு முன்னால் சரி என்றுவிட்டது.

ஆகவே நானா, சொல்கிறேன். எல்லயில் நடக்கப்போகும் கூட்டத்தில் உங்கள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் நிற்பேன். பெயர் வெளியே போகக் கூடாது என்ற விதியை இந்த ஒரு முறை மீறி, "நான் ஜவ்பர், தையல்காரன்" என்று தொடங்குவேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அந்தச் சாணை யாரும் துணி வைத்து ஒட்டுப் போட விடமாட்டேன். முருகேசு இனி அதில் நிற்கப்போவதும் இல்லை. தேத்தண்ணி குடிப்பதைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கட்டும். நீங்கள் கடைசிவரை சரிசெய்து தராத அந்த ரவிக்கையைத்தான் அன்றைக்கும் போட்டுக்கொள்வேன். வலது கை இன்னும் இறுக்கம்தான்.

விட்டுப்போன ஒன்பதையும் கூட்டியே இனி அளக்கும்,
உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி,
கணக்கப்புள்ள பார்வதி